அடுத்த பந்தயம்

எங்கள் திருமங்கலத்தில் 'பார்முலா' என்று யாராவது உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். 2009-ஆம் வருஷம் நடந்த ஒரு சட்டமன்ற இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்தச் சொல்லுக்குப் பத்திரிகைகள் ஒரு தனி அர்த்தம் கொடுத்து, எங்கள் ஊரின் பெயரையும் அதன் முன்னால் ஒட்டிவிட்டன. அது என்ன அர்த்தம் என்று நான் விளக்கப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் புண்ணியவான்கள்.

ஆனால் உசிலம்பட்டி சாலையில் இருந்த என் தாய்மாமனின் மோட்டார் சைக்கிள் பட்டறையில், தேர்தலுக்கு எத்தனையோ வருஷம் முந்தியே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. அங்கே பார்முலா என்றால் கார்ப் பந்தயம். பட்டறை வாசலில் ஒரு வேப்ப மரம். மரத்தடியில் இரண்டு பழைய லாரி டயர்கள். அவற்றின் மேல் ஒரு பலகை. அந்தப் பலகையில் உட்கார்ந்து பேசப்படாத பந்தயம் உலகத்தில் கிடையாது.

பலகையின் நிரந்தர உறுப்பினர்கள் நாலு பேர். மாமா முதல்வர். அடுத்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். புள்ளிவிவரமெல்லாம் அவர் வசம். மூன்றாமவர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதியாக இருந்து முழங்கால் போனபிறகு பேச்சில் மட்டும் வண்டி ஓட்டுகிறவர். நான்காவது, கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன். நடிகர் அஜித்தின் ரசிகன். அவர் திரையில் என்ன செய்தார் என்பதைவிடப் பந்தயப் பாதையில் என்ன செய்யப் போகிறார் என்பதே அவனுக்குக் கவலை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவனாகிய நான் ஐந்தாவது. எனக்கு ஓட்டுரிமை கிடையாது. காது மட்டும் உண்டு.

அங்கே நான் கவனித்த விஷயம் ஒன்று. நடந்து முடிந்த பந்தயத்தைப் பற்றி ஒரு நாள்தான் பேசுவார்கள். வரப்போகிற பந்தயத்தைப் பற்றி மாதக் கணக்கில் பேசுவார்கள். தை மாதத்தில் எந்த ஊரில் வண்டி விடுகிறார்கள், பெரிய மாடு போக வர எட்டு மைலா பத்து மைலா, கரிச்சான் மாட்டில் யார் ஜோடி இறங்குகிறது, பூஞ்சிட்டில் யாருடைய கன்று என்று சாரதி ஆவணி மாதமே ஆரம்பித்துவிடுவார். கிலோமீட்டர் வந்து அறுபது வருஷம் ஆகியும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் மைல்தான் கணக்கு. கிலோமீட்டரில் சொன்னால் மாடு ஓடாது என்பது அவருடைய அபிப்பிராயம்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. அதற்குப் பிறகாவது அவர் பேச்சு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. 2017 தை மாதம் கிளர்ச்சி நடந்து சட்டம் திருத்தப்படும் வரை, நடக்காத பந்தயங்களைப் பற்றி அதே உற்சாகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். ரசிகனுக்குப் பந்தயம்கூட அவசியமில்லை, அடுத்த பந்தயம் ஒன்று இருந்தால் போதும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாத்தியாரின் மகன் இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்தில் வேலையில் இருக்கிறான். அந்த ஊர் ஃபாக்ஸ்ஹால் அரங்கத்தில் நடக்கும் பந்தயங்களை அவன் செல்போனில் படம் பிடித்து அனுப்புவான். முட்டை வடிவத்தில் ஒரு சின்னப் பாதை. அதில் அடிபட்டு நசுங்கிய கார்கள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. ஒன்றையொன்று இடித்துத் தள்ளுகின்றன. 1954-இல் லண்டன் நியூ கிராஸ் அரங்கத்தில் ஆரம்பித்து அந்த நாட்டில் பரவிய விளையாட்டாம் இது. குடும்பம் குடும்பமாகப் போர்வையும் பிளாஸ்க்கில் தேநீருமாக வந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

"என்ன வாத்தியாரே, பந்தயமா, சண்டையா?" என்றார் சாரதி.

வாத்தியார் விளக்கினார். அந்த ஸ்டாக் கார்களில் கூரையின் நிறம்தான் ஓட்டுகிறவனின் தரம். வெள்ளைக் கூரை கற்றுக்குட்டி. பிறகு மஞ்சள், நீலம், சிவப்பு. உலக சாம்பியனுக்குத் தங்க நிறம். பந்தயம் தொடங்கும்போது கற்றுக்குட்டிகள் முன்னால் நிற்பார்கள். கெட்டிக்காரன் கடைசி வரிசையில் நிற்பான். அத்தனை பேரையும் தாண்டிக்கொண்டு அவன் முன்னே வரவேண்டும்.

சாரதி வெகுநேரம் யோசித்தார். "அது நியாயம்ப்பா. நல்ல மாட்ட முன்னால விட்டா என்ன பந்தயம்?" என்றார். அன்றிலிருந்து இங்கிலாந்துக்காரர்கள் மேல் அவருக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இப்ஸ்விச்சில் எந்தக் கூரை ஜெயிக்கும் என்று உசிலம்பட்டி சாலையில் விவாதம் நடந்தது.

எல்லாப் பேச்சும் கடைசியில் மாமாவின் சோழவரத்தில் வந்து நிற்கும்.

இளைய வாசகர்களுக்குச் சோழவரம் ஏரி தெரியும், பந்தயம் தெரிந்திருக்காது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஒரு விமான ஓடுதளம் அங்கே இருந்தது. போர் முடிந்த பிறகு விமானங்களுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் கான்கிரீட் மேல் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட விட்டது. 1950-களிலிருந்து 1980-களின் கடைசி வரை நாடெங்குமிருந்து ஓட்டுகிறவர்கள் அங்கே வந்தார்கள், இலங்கையிலிருந்தும் வந்தார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் அங்கே ஓடினார். பின்னால் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியைச் செய்து, நம் ஊர்ப் பையன்களுக்கும் 'பார்முலா' என்ற சொல்லைக் கைக்கு எட்ட வைத்தவர் அவர்தான். 1995-இல் விமான விபத்தில் காலமானார். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

இதெல்லாம் சரித்திரம். மாமாவின் சோழவரம் வேறு.

"எழும்பூர்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ் விட்டு இறங்கினேன் மாப்ளே. பாரிஸ் போயி பஸ் பிடிச்சேன். பஸ்ஸுக்குள்ள ஆள் நிக்கெ எடமில்ல. சோழவரத்துக்கு ரெண்டு மைல் இருக்கும்போதே சத்தம் கேக்குது. ஏரித் தண்ணிகூட நடுங்குது. உள்ள போயிப் பாத்தா, டிரம்மும் வைக்கோல் கட்டும் வச்சு வளைவு. நேர் ரோட்டுல ஃபியட் காரு வர்ற வரத்த நீ பாக்கணும். அது நம்ம டாக்டர் வச்சிருக்காரே அந்த ஃபியட் இல்ல, அதுக்கு அண்ணன். அப்பத்தான் ஒரு நாய் குறுக்க வந்துச்சு..."

இந்த இடத்தில் மாமா ஒரு பீடி பற்றவைப்பார். நாய் பாதையின் நடுவில் உட்கார்ந்துகொண்டதாம். வெள்ளை நாய், ஒரு காது மட்டும் பழுப்பு. கொடிக்காரர்கள் ஓடினார்களாம். நாய் எழுந்திருக்கவில்லையாம். அத்தனை குதிரைசக்தியும் ஒரு நாய்க்காகக் காத்து நின்றதாம். கடைசியில் ஒரு கிராமத்துக் கிழவி வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். நாய் வாலாட்டிக்கொண்டு அவள் பின்னால் போயிற்றாம். இருபதாயிரம் பேர் கைதட்டினார்களாம்.

எனக்குப் பத்து வயதில் இந்தக் கதை வேதம். இருபது வயதில் சந்தேகம் வந்தது. காரணம் என் அம்மா. "ஒன் மாமன் மெட்ராஸ் போனது நெசந்தான். மூணாம் நாள் காலையில ஒரு சாக்கு நெறைய ஸ்பேர் பார்ட்ஸோட வந்து இறங்கினான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கடை கடையா ஏறி எறங்கவே ரெண்டு நாள் பத்தாது. எந்தப் பந்தயத்தப் பாத்தானோ!" என்றாள். நானும் கவனிக்க ஆரம்பித்தேன். வருஷம் ஒருமுறை 1981 என்பார். ஒருமுறை 1983 என்பார். முதலில் வந்தவர் ஒரு தடவை கல்கத்தாக்காரர். மறு தடவை பம்பாய்க்காரர். நாய் ஒன்றுதான் மாறவே இல்லை.

1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில், கிளப் பந்தயத்துக்கென்றே ஒரு பாதையைக் கட்டித் திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம், முறையான வளைவுகள். நான் சம்பாதிக்கத் தொடங்கியபின் பலமுறை மாமாவைக் கூப்பிட்டேன். "அடுத்த வருஷம் பாப்பம். அங்கன சுத்திலும் வேலி போட்டிருப்பாங்க மாப்ளே, ஒரு நாய்கூட வராது" என்று தட்டிக் கழித்துவிட்டார். என் சந்தேகம் உறுதியாயிற்று. பார்த்த மனிதன் மறுபடி பார்க்கக் கசக்குமா?

இந்தச் சமயத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு பாத்திரம்: நல்லவன், வெகுளி, வாயைத் திறந்தால் பொய். தான் போகாத ஊருக்கெல்லாம் போனதாகச் சொல்வான். அவனுக்கு வேறு பெயர் வைத்தேன். மெக்கானிக்கைத் தையற்காரனாக மாற்றினேன். நாயை மாற்ற மனம் வரவில்லை; அவ்வளவு நல்ல நாய். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்த நாய் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் எழுதினார்கள். எனக்குப் பெருமைதான்.

வாத்தியார் அந்த அத்தியாயத்தைப் பலகையில் உட்கார்ந்து உரக்கப் படித்துவிட்டார். அவருக்குத் தெரியாது, பாதியில் தெரிந்தபோது நிறுத்த முடியவில்லை. மாமா ஒரு ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே முழுதும் கேட்டார். அன்று மாலை நான் போனபோது, யாரும் வாய் திறக்கவில்லை. மாமாதான் பேசினார்.

"நாய் நல்லா வந்திருக்கு மாப்ளே. ஆனா ரெண்டு காதும் வெள்ளைன்னு எழுதிட்ட. ஒண்ணு பழுப்பு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சோழவரம் போன கதையை என் எதிரில் சொன்னதில்லை. மற்றப் பேச்செல்லாம் வழக்கம்போல நடந்தது. 2005-இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில் நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்ததைப் பற்றிய பழைய வழக்கு வாரம் ஒருமுறை விசாரணைக்கு வரும். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர், நம் கோயம்புத்தூர்க்காரர். அந்தப் பந்தயத்தில், பழைய முட்டைவடிவப் பாதையின் சரிந்த வளைவில் மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. ஒத்திகைச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் ஆறே ஆறு. அதில் நரேன் நாலாவது, ஐந்து புள்ளிகள்.

"ஆறு பேர்ல நாலாவது ஒரு நாலாவதா?" என்று வாத்தியார் கேட்பார்.

"ஒதுங்கினவன் ஒதுங்கினவன்தான், ஓடினவன் ஓடினவன்தான். கோட்டைத் தாண்டினவன் பேரத்தான் எழுதணும்" என்பார் மாமா. சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார். நான்தான் தரையைப் பார்ப்பேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுத்தாளனுக்குப் பத்துப் பக்கம் எழுதுவது சுலபம். இரண்டு வார்த்தை பேசுவது கஷ்டம்.

2023-இல் ஒரு செய்தி வந்தது. சென்னை நகரத்தின் நடுவிலேயே, தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை வழியாக மூன்றரை கிலோமீட்டர் தூரம், மின்விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பந்தயம். டிசம்பர் 9, 10 தேதிகள். பலகை இரண்டு மாதம் தூங்கவில்லை. கூரியர் பையன் செல்போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த வளைவில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று கணக்குப் போட்டான். சாரதி டிக்கெட் விலையைக் கேட்டு, "ஒரு ஜோடி மாட்டுக்கு ஒரு வாரத் தீவனமாச்சேப்பா" என்றார்.

நான் மாமாவிடம் போய், "எல்லாருக்கும் நான் டிக்கெட் எடுக்கறேன் மாமா. நீங்களும் வரணும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ரோட்டுலதானே ஓட்டுறாங்க? ரோடுன்னா நாய் வரும்" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நாயைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான். போகிறதென்று முடிவாயிற்று. மதுரைக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. படகு விட்டுக்கொண்டிருக்கும் ஊரில் கார் எங்கே விடுவது? பந்தயம் தள்ளிப் போயிற்று. கூரியர் பையன் அழாக் குறையாக வந்து சொன்னான். "என்னடா இப்ப? காத்துக் கெடக்குற பந்தயத்துக்குத்தான் ருசி சாஸ்தி" என்று மாமா அவனைத் தேற்றினார். புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் போயிற்று.

2024 பங்குனி மாதம் ஒரு விடியற்காலையில் மாமா போய்விட்டார். நெஞ்சு வலி என்று சொல்லித் தண்ணீர் கேட்டாராம்; அத்தை கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டு அனுப்பினோம்.

ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 என்று பந்தயத்துக்குப் புதுத் தேதி வந்தபோது எனக்குப் போக மனமில்லை. வாத்தியார்தான் விடவில்லை. சாரதி வரவில்லை, மாடு இல்லாத பந்தயம் அவருக்கு எதற்கு? வாத்தியாரும், கூரியர் பையனும், நானும் மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். அதே வண்டி என்று ரயிலில் ஏறும்போது தோன்றியது. மாமா போனபோது மீட்டர் கேஜ்.

சனிக்கிழமை மழையாலும் பிற ஏற்பாடுகளாலும் தாமதமாகி, இருட்டின பிறகுதான் வண்டிகள் வெளியே வந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஏதோ ஒன்று கத்திக்கொண்டு போகிறது. யார் என்று பார்ப்பதற்குள் காணோம். ஆனால் அந்தச் சத்தம் காதில் விழவில்லை, மார்பில் விழுந்தது. ஏரித் தண்ணீர் நடுங்கியது என்று மாமா சொன்னது சும்மா இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பந்தயங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு சலசலப்பு. கூட்டம் சிரிக்கிறது. என்னவென்று கழுத்தை நீட்டினேன். கூரியர் பையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அண்ணே! நாய்ண்ணே!"

ஆமாம், நாய்தான். அத்தனை வேலி, அத்தனை தடுப்பு, அத்தனை காவலர்களையும் கடந்து, சென்னைத் தெருநாய் ஒன்று பந்தயப் பாதைக்குள் புகுந்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்த ஏற்பாடுகளெல்லாம் அதற்காகக் காத்து நின்றன. மறுநாள் பத்திரிகைகளில்கூட அந்தச் செய்தி வந்தது. காது என்ன நிறம் என்று அத்தனை தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கண்ணும் கொஞ்சம் மறைத்தது.

வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

2024-இல் ஒரு நாய் வந்தது என்பதால் 1981-இலோ 1983-இலோ ஒரு நாய் வந்தது என்று ருசுவாகுமா? ஆகாது. எந்த வக்கீலும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பந்தயப் பாதையில் நாய் வரும் என்று ஒரு மனிதர் நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். வராது என்று அச்சில் ஏற்றியவன் நான். இப்போது எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அந்த நாவல் மறுபதிப்பு வந்தபோது, பதிப்பாளர் ஏதாவது திருத்தம் உண்டா என்று கேட்டார். ஒரே ஒரு திருத்தம்தான் என்று எழுதி அனுப்பினேன். நாயின் ஒரு காதைப் பழுப்பாக்கினேன்.

பலகை இன்னும் இருக்கிறது. பட்டறையை மாமாவின் மகன் நடத்துகிறான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, கூரியர் பையன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். மறுநாளே அதை மறந்துவிட்டு, அடுத்து எந்த நாடு, எந்தத் தேதி என்று ஆரம்பித்துவிட்டார்கள். சாரதிக்கு வழக்கம்போல் தை மாதம், வாத்தியாருக்கு இப்ஸ்விச்.

அன்று பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றான். பதினெட்டு வயதிருக்கும். நான் அவனுக்குச் சென்னைப் பந்தயத்தைச் சொன்னேன். ரயில் ஏறியது, மழை, விளக்கு, சத்தம் எல்லாம் சொன்னேன். "அப்பத்தான் தம்பி, ஒரு நாய் குறுக்க வந்துச்சு..." என்றேன்.

அவன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்; இருபது வயதில் என் முகத்தில் இருந்ததுதான்.

"சரிண்ணே, சரிண்ணே," என்றான் அவன். "அடுத்த பந்தயம் எப்பண்ணே?"